மாப்ளைக்கு ஒரு மாட்டு ஈ கடுதாசி

மாப்ள செந்திலு,

நல்லா இருக்கியா. ஸ்டென்ட் வெச்சு நாலு மாசம் ஆகுது, போன் பண்ணுனா "ம்ம், இருக்கறேன்டா"ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சுக்கறே, அதான் பேசறத விட எழுதிப்போடலாம்னு உக்காந்துட்டேன். இங்க ஐப்பசி மழை நல்லா புடிச்சிருக்குது, வாய்க்கால்லயும் தண்ணி போகுது, மஞ்சக் காட்டுக்குள்ள கால வெச்சா முழங்கால் வரைக்கும் பொதையுது. சின்னவ புள்ளைகளோட வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போனா, அவ போனதுலருந்து சாளைல சத்தமே இல்ல.

நீ ஒரு ஃபார்வேர்டு அனுப்புனியே, சீனாக்காரன் ஏதோ ஒரு ஈயப் புடிச்சு காயவெச்சுப் பொடி பண்ணித் திங்கறான், அதுல ரத்தக்கட்டு கரையுது, ஸ்டென்ட்டு மாத்திரை எதுவும் வேண்டாம்னு. போதாக்குறைக்கு உன்ற மச்சான் வேற அத ஆன்லைன்ல வரவெச்சுத் தர்றேன்னு நிக்கறான்னு சொன்னே. மொதல்ல சிரிச்சுட்டேன்டா. பொறவு அந்தப் படத்தப் பெருசு பண்ணிப் பாத்தா, அட இது நம்ம மாட்டு ஈ! கொறங்காட்டுல மாடு மேய்க்கறப்ப பொடனில கடிச்சு உன்னைய ஊரக்கூட்ட வெச்சுதே, அதே பெரிய ஈ. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல விலங்கியல் நடத்துனவன் நானு, கரப்பான் பூச்சி, மண்புழு, தவளைன்னு அறுத்துக் காட்டுனனே ஒழிய கட்டுத்தரைல தெனமும் பறக்கற இதப் பத்தி ஒரு நாளும் வாயத் தொறந்ததில்ல. அந்த ரோசத்துல ஒரு மாசமா இதத்தான் படிச்சுட்டு இருக்கறேன். வீட்ல என்னைய ஈ வாத்தியார்னே கூப்புட ஆரம்பிச்சுட்டா.

மாட்ட எது கடிச்சாலும் நாம மாட்டு ஈன்னு சொல்லிருவோமில்ல, அதுல மூணு சாதி இருக்குது. வீட்டு ஈயாட்டமே இருந்துட்டு கால மட்டும் கடிக்கறது ஒண்ணு, மாடு காலத் தூக்கித் தூக்கி ஒதறுமே, அதுக்காகத்தான். வாலுக்கு அடியில தட்டையா ஒட்டிக்கிட்டு நண்டாட்டம் பக்கவாட்டுல ஓடுமே, நசுக்குனாலும் சாகாம திரும்பிப் பறக்குமே, அது ரெண்டாவது. ரெண்டுமே இவன் குடும்பம் இல்ல. நம்மாளு குடும்பத்துக்கு டபானிடேன்னு பேரு, உலகம் பூரா நாலாயிரத்துக்கும் மேல வகை இருக்குதாம். டபானஸ்ங்கறது பழைய ரோமாபுரிக்காரங்க இந்த ஈய கூப்புட்ட பேரு, உயிரினத்துக்கெல்லாம் லத்தீன் பேரு வெச்ச லின்னேயஸ் 1758ல அதையே எடுத்து வெச்சுட்டாரு. நம்ம நாட்டு ஈக்கள வகை பிரிச்சதுல பெரிய வேலை கெர்ட்ரூட் ரிக்கார்டோன்னு ஒரு இங்கிலாந்துக்கார அம்மா பண்ணிருக்குது, 1911ல கல்கத்தா இந்தியன் மியூசியத்துப் பத்திரிகைல கீழ்த்திசை டபானஸ் பூராத்தையும் திருத்தி எழுதிப் போட்டிருக்குது. அந்தக் காலத்துல ஒரு பொம்பளை உக்காந்து நம்மூரு மாட்டு ஈக்கு நெத்தி அளந்துட்டு இருந்திருக்குது பாரு!

நெத்தி அளக்கறதுன்னு வெளையாட்டுக்குச் சொல்லல. நெசமாலுமே அதுதான் வேலை. பொட்டை ஈக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஒரு பட்டை இடைவெளி இருக்கும், அது எத்தன உசரம் எத்தன அகலம், அதுல பளபளன்னு ஒரு தடிப்பு இருக்குதே அது உருண்டையா நீட்டமா, இத வெச்சுத்தான் இது இன்ன வகைன்னு சொல்றாங்க. ஆண் ஈக்கு அந்த இடைவெளியே இருக்காது, ரெண்டு கண்ணும் ஒட்டிக்கும். ஆண் கடிக்கவும் கடிக்காது, பூவுல தேன் குடிச்சுட்டு சாது மாதிரி திரியும். முட்டை வெக்கறதுக்கு சத்து வேணும்னு பொட்டைதான் ரத்தத்துக்கு வருது. இத வீட்ல சொல்லப்போயி வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

கண்ணச் சொன்னேன்ல, ஒண்ணப் புடிச்சு டம்ளர்ல கவுத்து வெச்சு பேரனோட லென்ஸ்ல பாத்தன்டா. பச்சைக் கலர், குறுக்க ஊதாக் கோடு, பட்டுச்சேலை கெட்டுது போ. செத்து ஒரு நாள்ல கறுத்துப்போச்சு. ஈரப் பஞ்சு போட்ட டப்பாவுல வெச்சா அந்தக் கோடு திரும்பி வரும்னு படிச்சிருந்தேன், வெச்சுப் பாத்தேன், மங்கலா வந்துச்சு. றெக்கை தெளிவா, ஆளு பெருசா இருந்தா டபானஸ். றெக்கைல புள்ளி புள்ளியா சாம்பல் தூவுனாப்புல இருந்து, உக்கார்றப்ப கூரை மாதிரி சாச்சு வெச்சுக்கிட்டா அது ஹீமடோபோட்டா. றெக்கைல கறுப்புப் பட்டை, மீசை நீட்டமா இருந்தா கிரைசாப்ஸ், அதுதான் ஆப்பிரிக்காவுல மனுசன் கண்ணுக்குள்ள ஓடற புழுவப் பரப்பறது. நம்ம கட்டுத்தரைல நான் புடிச்சது பூரா மொத வகைதான்.

இப்ப உன்ற வெவகாரத்துக்கு வர்றேன். கொசு ஊசி மாதிரி குத்தி உறிஞ்சும். இவன் அப்படி இல்ல, வாய்ல கத்திரி மாதிரி தகடு வெச்சு தோல அறுத்து, ரத்தம் குட்டையா தேங்குனதும் நக்கிக் குடிக்கறான். அத்தனை பெரிய காயம்னா நம்ம ஒடம்பு சும்மா இருக்குமா, ஒடனே ரத்தத் தட்டுக்கள் ஓடி வந்து கட்டி அடைச்சிரும். அடைக்க உடாம பண்ணணும், ரத்தக்குழாய் சுருங்காம பாத்துக்கணும், மாடு வால அடிக்கறதுக்குள்ள வேலைய முடிக்கணும். இதெல்லாம் அவன் எச்சில்லதான் இருக்குது. 2008ல சீனாவுல குன்மிங் விலங்கியல் நிறுவனத்துக்காரங்க ஒரு டபானஸோட எச்சில் சுரப்பிய எடுத்து அதுல என்னென்ன புரதம் இருக்குதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க. ரத்தக்குழாய விரிக்கறது, தட்டுக்கள ஒட்ட உடாம தடுக்கறது, உறைஞ்சத அறுக்கறதுன்னு ஒரு மருந்துக்கடையே இருந்துச்சாம். டாப்லைசின்னு ஒண்ணு, அதோட வடிவத்த 2012ல கண்டுபுடிச்சாங்க, அது தட்டுக்கள் ஒண்ணையொண்ணு புடிச்சுக்கற கொக்கிய போயி அடைச்சுக்குது.

அவங்க ஏன் இந்த ஈயப் போயி தேடுனாங்கன்னா, அவங்க வைத்தியத்துல இது ரெண்டாயிரம் வருசமா இருக்குது. ஷென்னோங்னு அவங்க புராண ராசா ஒருத்தர் பேர்ல இருக்கற பழைய மருந்து நூல்லயே வருது. ஜாங் ஜோங்ஜிங்னு அவங்க பெரிய வைத்தியர் ஒருத்தர், அட்டை, இந்த ஈ, பீச் கொட்டை, ரேவல்சின்னி நாலையும் சேத்து ஒரு கசாயமே சொல்லிருக்கறார், கட்டுன ரத்தத்த ஒடைக்கறதுக்கு. ஆக உன்ற மச்சான் சொல்றது முழுப் பொய் இல்ல. அதுதான்டா வெசனம், முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிரலாம்.

இப்ப கேளு. எச்சில்ல இருக்கற புரதத்த தனியாப் பிரிச்சு சோதனைக் குழாய்ல பாக்கறது வேற, முழு ஈய வறுத்துப் பொடி பண்ணித் திங்கறது வேற. புரதம் வயித்துக்குள்ள போனா பருப்பு சீரணமாகற மாதிரிதான் அறுபடும், அதுல எது எத்தன ரத்தத்துக்குப் போகுதுன்னு ஈப்பொடி விக்கறவன் யாரும் அளந்து சொல்லறதில்ல. அப்படியே வேலை செய்யுதுன்னு வெச்சுக்க, அப்ப இன்னும் மோசம். நீ ஏற்கனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ரெண்டும் போடறே, ரெண்டும் தட்டுக்கள அடக்கறதுதான். அதுக்கு மேல இன்னொண்ணு போட்டா சவரம் பண்றப்ப கீறுனாலே நிக்காது, வயித்துக்குள்ள கசிஞ்சா தெரியவே தெரியாது. அந்தச் சீன வைத்தியத்துலயே மாசமா இருக்கற பொம்பளைக்கு இதக் குடுக்கக்கூடாதுன்னு கட்டாயம் சொல்லிருக்கறாங்க. அந்த வரி மட்டும் ஃபார்வேர்டுல காணம் பாரு.

பூச்சி, பாம்புலருந்து மருந்து வராதுன்னு சொல்லல. கொறங்காட்டுல கல்லப் பொரட்டுனா கெடக்குமே சுருட்டை விரியன், உங்கப்புச்சி தடில அடிச்சுத் தூக்கிப் போடுவாரே, அதோட வெசத்துல இருக்கற ஒரு புரதத்தப் பாத்துத்தான் டைரோஃபிபன்னு ஒரு ஊசி மருந்து செஞ்சாங்க, ஹார்ட் அட்டாக்ல போடறது. அட்டை எச்சிலப் பாத்து செஞ்சது பைவாலிருடின், அதும் ஸ்டென்ட் வெக்கற எடத்துல போடறதுதான். ஆச்சரியம் என்னன்னா சுருட்டையோட புரதமும் இந்த ஈயோட டாப்லைசினும் ஒரே கொக்கியத்தான் போயி அடைக்குது, அதுக்கு வேண்டிய மூணு அமினோ அமிலமும் ஒரே வரிசைதான். பாம்பெங்க ஈயெங்க! ஆனா பாம்பு வெசத்த யாரும் காயவெச்சுத் திங்கச் சொல்லல, வருசக்கணக்கா பிரிச்சு, அளந்து, சோதிச்சு ஊசியாக் கொண்டுவந்தாங்க. ஈயோடது இன்னும் அந்த வழில பாதி கூட வரல.

இந்த ஈய நான் ஒரேயடியா மெச்சறேன்னும் நெனச்சுக்காத. அய்யன் காலத்துல எங்க மயிலை எருது ஒண்ணு செத்துச்சே ஞாபகம் இருக்குதா, நாம ஒம்பதாவது படிச்சோம். ராத்திரி பூரா ஒரே எடத்துல செக்கு மாடாட்டம் சுத்திச்சு, செவுத்துல தலைய முட்டி முட்டி, விடியறதுக்குள்ள போயிருச்சு. காத்துக் கருப்புன்னு பூசாரியக் கூட்டியாந்து கோழி அறுத்தாங்க. மூணு வருசத்துக்கு முன்னால எங்க எருமை அதே மாதிரி சுத்த ஆரம்பிச்சதும் எனக்கு வகுத்தக் கலக்கிருச்சு, டாக்டர் தம்பி ஒடனே வந்து காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சு என்னையும் பாக்கச் சொன்னாரு. ரத்த அணுக்களுக்கு நடுவுல பொடிப் பாம்பு மாதிரி நெளியுதுடா! சர்ரா நோய். 1880ல கிரிஃபித் எவன்ஸ்னு ஒரு மிலிட்டரி மாட்டு டாக்டர், இப்ப பாகிஸ்தான்ல இருக்கற தேரா இஸ்மாயில் கான் பக்கம் குதிரை ஒட்டகத்து ரத்தத்துல மொதல்ல கண்டுபுடிச்சாரு, அந்தக் கிருமிக்கு அவரு பேருதான். இந்த ஈ ஒரு மாட்ட கடிச்சுட்டு இருக்கறப்ப மாடு வால அடிச்சா, வாய்ல ரத்தத்தோட அடுத்த மாட்டுக்குப் பறந்துருது, அங்க எறக்கி உட்டுருது. குயினாபைரமின் ஊசி போட்டாங்க, எருமை பொழச்சுக்கிச்சு. அந்தக் கோழிய நெனச்சாத்தான் பாவமா இருக்குது.

அதுலருந்து ஈய வெரட்ட என்னென்னமோ பண்ணிட்டேன். நம்ம தம்பி பையன் கறுப்புக் கார் வாங்கி வாய்க்கா மேட்டுல நிறுத்துனானா, கார் மேல ஈ மொய்க்குது, பக்கத்துல வெள்ளைக் கார்ல ஒண்ணு கூட இல்ல. ஹங்கேரில ஹோர்வாத்னு ஒருத்தர் இதத்தான் ஆராய்ச்சி பண்ணிருக்கறார், கறுப்பா பளபளன்னு இருக்கறதுல பட்டுத் திரும்பற வெளிச்சம் தண்ணி மேல பட்டு வர்ற மாதிரியே இருக்கறதால தண்ணின்னு நெனச்சு இதுக அங்க ஓடி வருதுகளாம். வரிக்குதிரைக்கு கோடு இருக்கறது இந்த ஈக்கு பயந்துதான்னும் சொல்றாங்க. ஜப்பான்ல கறுப்பு மாட்டுக்கு வெள்ளைக் கோடு அடிச்சுப் பாத்து மேல உக்கார்ற கடி ஈ பாதியா கொறைஞ்சுதுன்னு 2019ல எழுதுனாங்க, 2025ல அதுக்கு இக் நோபல் குடுத்திருக்கறாங்க, சிரிக்க வெச்சுட்டு பொறவு யோசிக்க வெக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கறது.

நானும் கோலமாவக் கொழச்சு எருமைக்கு கோடு போட்டேன். பேத்திக ரெண்டும் குதிச்சுச்சுக. ரோட்டுல போற பெருசு ஒண்ணு "ஏனுங் வாத்தியாரே, மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதே"ன்னு எகத்தாளம் பேசிட்டுப் போச்சு. பத்து நிமிசம் கூட இல்ல, எருமை நேரா குட்டைல போயி படுத்துருச்சு. சேறு பூசிக்கிட்டு எந்திரிச்சு வந்துச்சு பாரு, அது மேல ஒரு ஈ உக்காரல. என்னைய விட அதுக்கு சயின்ஸ் தெரியுது.

இப்ப கறுப்பு பெயின்ட் அடிச்ச பந்த கொசுவலைக்கு அடியில தொங்க உட்டு ஒரு பொறி கட்டி வெச்சிருக்கறேன். வெயில்ல பந்து சூடானா மாடுன்னு நெனச்சு வந்து மோதி, மேல ஏறி வலைல மாட்டிக்குது. நேத்து பொழுதோட எண்ணுனேன், பதினேழு.

உன்ற மச்சான்கிட்ட வாத்தியான் சொன்னான்னு சொல்லு, ஈப்பொடி வேண்டாம். மாத்திரைய நீயா நிறுத்தவும் நிறுத்தாத, அடுத்த செக்கப் எப்பன்னு சொல்லு நானும் கூட வர்றேன். தீவாளிக்குப் பொறவு வந்தியின்னா மஞ்சக்காடு காஞ்சிருக்கும், நடக்கலாம். வர்றப்ப முழுக்கை சட்டை போட்டுட்டு வா, கறுப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
ஈ வாத்தியான் குமாரு