செயலாளர் ஆண்டறிக்கை 2023–24: சக ஆலோசனை மையப் பணிகள்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பதால் மையத்தின் வேலையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மையத்துக்கு வரும் திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் தூக்கம், பசி, வேலையில் மனம் ஒட்டாமை என்றே தொடங்குகின்றன. அவர்களுடைய அடையாளம் நோயல்ல. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலின் புதிய பதிப்பான ஐசிடி-11, திருநர் அடையாளத்தையும் மனநோய்ப் பகுதியிலிருந்து நீக்கியது. மனதைக் கெடுப்பது இழிவு. அடி, ஏச்சு, வாடகைக்கு வீடு தர மறுப்பது எல்லாம் வெளியே தெரிபவை. அடுத்த ஏச்சு எப்போது வருமோ என்று காத்திருப்பதும், மறைத்து வாழ்வதும், ஊர் சொல்வது நிஜம்தானோ என்று தன்னையே வெறுப்பதும் வெளியே தெரியாது. உளவியல் ஆய்வாளர் இலன் மேயர் 2003-இல் எழுதிய சிறுபான்மையர் மன அழுத்த விளக்கம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஏச்சு நின்ற பிறகும் உள்ளே நடப்பது நிற்காது. ‘இப்பத்தான் யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே’ என்ற ஆறுதல் எடுபடாமல் போவதும் அதனால்தான்.

முதல் சந்திப்பில் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தைப் பயன்படுத்துகிறோம். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். மொத்தம் 27 மதிப்பெண். 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம். தன்னார்வலர்கள் கூட்டுத்தொகையோடு நின்றுவிடக் கூடாது. ஒன்பதாவது கேள்வி சாவு எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் 6-தான் என்றாலும் அதில் பூஜ்யம் இல்லையென்றால், ‘சாகணும்னு தோணுதா?’ என்று அன்றைக்கே நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்து வேறொருவர் பொறுப்புக்குப் போக வேண்டும். இரவில் கூப்பிட அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்பினால் எல்லாம் பூஜ்யமாகவே வரும்; அவர்களை வெளியே உட்காரவையுங்கள்.

பலர் திரும்பிப் போவது மருத்துவரிடமிருந்து அல்ல, புறநோயாளிச் சீட்டு வரிசையிலிருந்து. ஆதார் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டால் ஒரு திருநங்கை எழுந்து வர மாட்டார். டோக்கன் எண்ணை மட்டும் கூப்பிடக் கேட்டுக்கொள்ளுங்கள், யாருக்கும் செலவில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஹார்மோன் மாத்திரையைப் பயந்து மறைப்பதும் வழக்கம். மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரும் கார்பமசெபின், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் அளவைக் குறைக்கும். ஆண் ஹார்மோனை அடக்கச் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோன், மனநல மருந்தான லித்தியத்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடலாம். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவது நல்லது.

நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தாதது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது பிரிவு 3. நடைமுறையில் அதைவிட உதவுவது பிரிவு 14. 18 வயதான எவரும் மனநலச் சிகிச்சையில் தம் சார்பில் நிற்கும் நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம். நண்பராகவோ ஜமாத் எனும் திருநங்கையர் குழுவின் குருவாகவோ இருக்கலாம்; அவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் முதலில் உறவினருக்குப் போகிறது. பிரிவு 89-இன்படி சம்மதமில்லாமல் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்க விண்ணப்பிப்பவர் இந்தப் பிரதிநிதிதான். பிரிவு 23-இன்படி சிகிச்சை விவரத்தைக் கேட்டுப் பெறக்கூடியவரும் அவரே. எதிர்க்கும் குடும்பத்தின் கையில் இந்த அதிகாரம் சும்மா போய்ச் சேருகிறது. நெருக்கடி வருமுன் எழுதி, ஒரு நகலை நண்பரிடம் கொடுத்து வைப்பதே பாதுகாப்பு. ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்துச் சம்மதித்தால்தான் சேர்க்கை செல்லும்; அதை எதிர்த்து மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம்.

பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘மாற்றும்’ சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல் அளித்த உத்தரவைத் தொடர்ந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அந்தச் சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனமாக அறிவித்தது. இது மருத்துவரைக் கட்டுப்படுத்தும். தாயத்து கட்டுபவரையும், தை பிறந்ததும் கால்கட்டு போடலாம் என்னும் மாமாவையும் கட்டுப்படுத்தாது. 2024 மார்ச் 11-இல் தேவு நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்கொணர்வு மனுவில் ஒருவரின் பாலீர்ப்பை மாற்றும் நோக்கில் கவுன்சலிங் அனுப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நம் வழக்கறிஞர் குழு அதன் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். பிரிவு 14 நியமனக் கடிதத்தின் தமிழ் மாதிரியை அச்சடித்து உறுப்பினர் அனைவருக்கும் தருவது. தன்னார்வலர்களின் சோர்வைப் பேச மாதம் ஒரு மேற்பார்வைக் கூட்டம் வைப்பது. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்