மூர்த்திக்கு, உங்கள் அப்பா வண்டி விஷயமாக

மதுரை

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? உன் சர்க்கரையைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டால் பொய்தான் சொல்வாய்.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் எதையும் நீ முழுசாகக் கேட்டதில்லை. பாதியிலேயே "சரிடா, வச்சிரட்டா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

வண்டியை அந்த ஹோட்டல்காரருக்குக் கொடுக்காதே. வாசலில் நிறுத்தி, மஞ்சள் பெயின்ட் அடித்து, சீட்டில் பூந்தொட்டி வைக்கப் போகிறாராம். சாப்பிட வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். உன் மகன் என்னிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னான். உங்கள் அப்பா 1974-இல் பணம் கட்டி, 1981-இல் கைக்கு வந்த பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் அது. அதற்குள் உனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அந்த வண்டிக்கு வந்த கதியைப் பார்.

"ஓடாத வண்டியை வைத்து என்ன செய்ய, கார்புரேட்டர் போயிடுச்சு" என்பதுதானே உங்கள் கட்சி? கார்புரேட்டருக்கு ஒரு கேடும் இல்லை. வண்டி ஓடுகிறது. நேற்றுக்கூட அழகர்கோயில் போய்விட்டு வந்தேன்.

அதன் வியாதி உனக்குத் தெரியும். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். டவுனைத் தாண்டி அப்பன் திருப்பதி பக்கம் போகும்போது இருமும், இழுவை குறையும், அப்படியே படுத்துவிடும். அப்புறம் எத்தனை உதைத்தாலும், எப்படிச் சாய்த்தாலும் அசையாது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மெக்கானிக் என்ன சொன்னார்? பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டர் அடைப்பு. கழற்றினார், ஊதினார், மாட்டினார், வண்டி ஓடியது. பிறகு மறுபடி படுத்தது. கடைசியில் புது கார்புரேட்டரே போட்டார். அதுவும் படுத்தது.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்ட எப்படியும் அரை மணி ஆகும். அந்த அரை மணியில் எஞ்சின் ஆறிவிடும். ஆறியதும் அது தானாகவே ஓடக்கூடிய வண்டி. ஆக ஒவ்வொரு தடவையும் வைத்தியம் பலித்த மாதிரியே இருந்தது. சும்மா நின்று டீ குடித்திருந்தாலும் அதே பலன்தான், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளவாக விடும் பித்தளை ஜெட்டுக்காவது ஆயுசு கூடியிருக்கும். அந்த ஜெட்டை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? கிளட்ச் ஒயரின் இழையை விட்டுக் குத்திக் குத்தி ஓட்டையே கோணலாகியிருக்கிறது. பித்தளைக்கு முன்னால் இரும்பு இழை அரம் மாதிரி. வாயால் ஊதினாலே போதும், இல்லாவிட்டால் பஞ்சர் கடைக் காற்று இருக்கிறது.

நம் மெக்கானிக் பாய் சொல்வாரே, "கார்புரேட்டர் கோளாறுன்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல கரண்டு கோளாறு" என்று. அப்போது நாம் அவருக்குப் பெட்ரோல் வாசனை பிடிக்காது என்று கிண்டல் செய்தோம். மனுஷன் இப்போது பேரன் வீட்டில் இருக்கிறார், கண் சரியாகத் தெரியவில்லை. வண்டியின் சத்தத்தைப் போனில் கேட்க வைத்தேன். "படுத்த இடத்துலயே பிளக்கைக் கழட்டு, வீட்டுக்கு வந்து கழட்டாத" என்றார். விஷயமே அதுதான், மூர்த்தி. சூட்டில் வரும் நோயைச் சூட்டிலேயே பார்க்க வேண்டும்.

அப்படியே பார்த்தேன். படுத்ததும் முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் விழுந்து பெட்ரோல் இறங்காது, திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வரும். வரவில்லை. பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது. பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது, எரியத்தான் இல்லை. பிளக்கை ஹெட்டின் மேல் வைத்து உதைத்தால் மஞ்சளாக, செத்துப்போன ஒரு பொறி. சாவி சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். சுவிட்சில் எங்காவது பாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே எஞ்சினை நிறுத்திவிடும். அதுவும் இல்லை. புது பிளக் போட்டும் அதே மஞ்சள்.

மிச்சம் இருந்தது, எஞ்சினோடு சுற்றிக் கரண்டு உண்டாக்கும் மேக்னட்டுக்கு உள்ளேதான். அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால், கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் ஒரு முகத்தில் குழி, மறு முகத்தில் மேடு, சுற்றிலும் கருகல். இருட்டில் உதைத்தால் பிளக்கில் வர வேண்டிய நீலப் பொறி அங்கே பளிச் பளிச் என்று வெடிக்கிறது. கண்டன்சர்! பாயிண்ட் திறக்கிற நொடியில் கரண்டைத் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. அது செத்தால் பொறி பாயிண்ட்டிலேயே செலவாகிவிடும், பிளக்குக்குப் போய்ச் சேராது. அது இருக்கும் இடமோ எஞ்சின் சூட்டுக்கு நடுவில், மேக்னட்டுக்கு அடியில். ஆறியிருக்கும்போது சமாளிக்கும், சூடானால் கைவிட்டுவிடும். இத்தனை வருஷம் அதைத் தொட்டவரே இல்லை. இப்போதைக்குப் புதுசு ஒன்று போட்டுத்தான் வண்டியை ஓட்டுகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். பாயிண்ட்டின் குதிகால் உரசும் இடத்தில் எண்ணெய் தடவிக் கொடுக்க ஒரு துண்டு ஃபெல்ட் இருக்குமே, அது காய்ந்து கட்டையாகிக் கிடந்தது. அது காய்ந்தால் குதிகால் தேயும், இடைவெளி குறையும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். மேட்டில் இழுவை இல்லை, எஞ்சின் சுடுகிறது என்று நீ புலம்பியதெல்லாம் இதனால்தான் என்பது என் கணிப்பு. இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் வைத்தேன், கேஜ் போட்டு. நம் ஊரில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்துத்தான் அளக்கிறார்கள். அதிலும் அட்டை இப்போதெல்லாம் ரொம்பத் தடிமன்.

லாம்ப்ரட்டா ஸ்கூட்டர்தான் உசத்தி என்பாரே, அந்தக் கட்சித் தலைவர் வந்திருந்தார். "எஞ்சினை ஒரு பக்கம் தொங்கவிட்ட வண்டி, வேற எப்படி இருக்கும்?" என்று அதே பழைய வசனம். இத்தாலிக்காரன் 1972-இல் மிஷினோடு மூட்டை கட்டி லக்னோவுக்கு விற்றுவிட்ட கம்பெனிக்கு இவ்வளவு விசுவாசம். அந்த லக்னோ கம்பெனி செய்த அவருடைய விஜய் சூப்பர் ஷெட்டில் டேப் அடித்த ஒயர்களோடு நிற்கிறது. அதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

சரி, இப்போது என் கவலை. வண்டி ஓட ஆரம்பித்த பிறகு பிளக்கைப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் பிளக் காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். மேக்னட் பக்கத்து ஆயில் சீல் காற்று இழுக்கிறதோ என்று பயந்தேன். ஆனால் அப்படி இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் எஞ்சின் வேகம் இறங்காது. இதில் இறங்குகிறது. காரணம் பெட்ரோல்தான். பங்கில் இப்போது ஊற்றுவது இ20, அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஜெட் பழையது, அளவு பழையது, கலவையில் மட்டும் காற்று அதிகமாகிவிட்டது. நம் மாதிரி வண்டிக்கு அது நல்லதில்லை.  காற்று அதிகமானால் சூடு ஏறும், ஒரு நாள் மேட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெயின் ஜெட் ஒரு நம்பர் பெரிசாகப் போடப்போகிறேன்.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்கின் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கும், அதுதான் முதலில் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளவாக விடும் ஃப்ளோட் ஊசியின் பழைய ரப்பர் முனையையும் அது கெடுத்துவிடுகிறது. இந்த வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது டேங்கைக் காலி செய்து வைக்க வேண்டும். நடுவில் வழி இல்லை.

"விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் செய்துவிடலாமே அங்கிள்" என்றான் உன் மகன். தம்பிக்கு விவரம் பாதிதான் தெரிந்திருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். நம்முடையதற்கு 2031-இல்தான் ஆகும். கட்டணம் 20,000 ரூபாய். அவ்வளவும் கட்டினால் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று போடலாம், ஆனால் அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். பிறகு காய்கறி மார்க்கெட்டுக்கு நான் எதில் போவேன்? ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பழையபடி புதுப்பித்துக்கொள்வோம், அதுவே போதும்.

பாயிண்ட்டே இல்லாமல் எலக்ட்ரானிக்காகப் பொறி விடும் சி.டி.ஐ. மாற்றலாம் என்றும் யோசனை சொன்னான். எனக்கு விரோதம் இல்லை, பின்னால் வந்த சேட்டக்கிலேயே எலக்ட்ரானிக் வந்துவிட்டது. பாயிண்ட் தேய்மானம் இல்லை, டைமிங் நிற்கும். ஆனால் நடுரோட்டில் அது செத்தால் எமரி பேப்பரும் திருப்புளியும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இந்த வயதில் தள்ளத் தெம்பு இல்லை.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், நீ ஓய்வாகத்தான் இருக்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், கண்டன்சருக்குப் பதிலாகப் போட 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரோபிலீன் கெப்பாசிட்டர் நாலு வாங்கு. பெட்டியில் வரும் புதுக் கண்டன்சர்களை நம்ப முடியவில்லை, சில மாதத்தில் போய்விடுகின்றன. இதை மேக்னட்டுக்கு வெளியே, சூடு படாத இடத்தில் கட்டிவிடலாம். ஒயர் பாடியில் உரசாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஃபேன் கெப்பாசிட்டரை வாங்கிவிடாதே, அது 2.5 மைக்ரோஃபாரட், பத்து மடங்குக்கு மேல். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். தலையாட்டிவிடாதே, நீ தலையாட்டுகிற ஆள்.

அப்படியே புதுப்பேட்டையில் ஸ்பாக்கோ கார்புரேட்டரின் மெயின் ஜெட் பழையது ஒன்றிரண்டு கிடைக்குமா பார். ஜெட்டின் மேல் நம்பர் அடித்திருக்கும், அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து கேட்டு வாங்கு. ஆர்.சி. புத்தகம் உன் பீரோவில்தான் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் முடியப் போகிறது, அதையும் சேர்த்துக் கொரியரில் அனுப்பு. ஹோட்டல்காரரிடம் அட்வான்ஸ் ஏதும் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடு.

உன்,
கோபால்