இறால் பண்ணை விவகாரத்தில் ஆலோசனை சொன்னால் பதில் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர இறால் பண்ணைகளைப் பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் உரிமம், அபராதம், ஏற்றுமதி என்ற மூன்றோடு முடிந்துவிடுகின்றன. இந்தத் தொழிலுக்கு வழிகாட்டுவது யார், அவர்களுக்கு எடுத்துச் சொல்வது யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

நாகப்பட்டினம் பகுதியில் நெல்வயல்களை அடுத்து வெட்டப்பட்ட குட்டைகளால் நிலமும் குடிநீரும் உப்பேறிப்போனதை எதிர்த்து, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பண்ணைகளை முறைப்படுத்தும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கு வேர் அந்தத் தீர்ப்புதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு நிலையான வடிவம் தந்து, உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரையோ இருந்தவரையோ தலைவராகவும், துறை வல்லுநர்கள், மத்திய அமைச்சகங்களின் பிரதிநிதிகள், கடலோர மாநிலங்களின் பிரதிநிதிகள் ஆகியோரை உறுப்பினர்களாகவும் வகுத்தது. 2009-இல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் வகையை அனுமதித்தபோது, சென்னை நீலாங்கரையில் தாய் இறாலைத் தனிமைப்படுத்திச் சோதிப்பதையும் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகள் என்ற உச்சவரம்பையும் கட்டாயமாக்கியது நல்ல வழிகாட்டுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் குட்டைக்கரையில் எழும் சிக்கல்கள் சதுர மீட்டர் கணக்குக்குள் அடங்குவதில்லை. தன் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி என்ற தொற்று நோய் வந்தவர் குட்டையைத் திறந்துவிடுகிறார். அந்தத் தண்ணீர் கலந்த உப்பனாற்றிலிருந்தே அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் வைத்து இறைக்கிறார். யார் எப்போது நீரை விடுவது, எந்த மாதங்களில் எல்லாரும் சேர்ந்து குட்டைகளைக் காயப்போடுவது என்பதைப் பண்ணையாளரும், பக்கத்து நெல் விவசாயியும், முகத்துவாரத்தில் வலை போடும் மீனவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். அந்தப் பேச்சு முறையாக ஆணையத்தின் காதுக்கு எட்ட ஒரு வழி வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கே மீன் வளர்ப்புக்கென்று தனி ஆலோசனை மன்றம் உண்டு. அதில் 60 விழுக்காடு இடங்கள் தொழில் செய்வோருக்கும், 40 விழுக்காடு சுற்றுச்சூழல், நுகர்வோர் அமைப்புகள் போன்ற பிறருக்கும் ஒதுக்கப்படுகின்றன. மன்றத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. எனினும் அது அனுப்பும் பரிந்துரைக்கு ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் பதில் தர வேண்டும் என்றும், மன்றத்தின் கருத்துக்கு மாறாக முடிவெடுத்தால் அதற்கான காரணத்தை விரிவாகக் கூற வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. நம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, அது எந்த மேசையில் கிடக்கிறதென்று தெரியாமல் திரும்பியவர்களுக்கு இந்த ஒரு விதியின் அருமை விளங்கும்.

அவர்களுடைய பங்கீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். பண்ணை வைத்திருப்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: இங்கே எங்கள் கை ஓங்கினால் வயல்காரருக்காகப் பேச ஆளிருக்காது. பாதி இடங்களையாவது நெல் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் தர வேண்டும். நம் ஆணையச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி எங்களுக்குச் சலுகை காட்டியது; அடுத்த திருத்தத்தில், ஆணையத்துக்குத் துணையாக இத்தகைய ஆலோசனை மன்றம் ஒன்றையும், அதன் பரிந்துரைகளுக்குக் குறித்த கெடுவுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும் கடமையையும் மத்திய மீன்வளத் துறை சேர்க்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இறால் வளர்ப்போர் ஒருவர்,
வேதாரண்யம்