சோறு தேய்த்து ஒட்டிய கடிதம்

க்ராய்டன், லண்டன்
நவம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு அம்மாவிடம் நீதான் சமாதானம் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் நீ நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாய். அதற்குப் போனில் "கிடைச்சுது மக்கா" என்று சொல்லி முடிப்பது நியாயமில்லை. வேலை அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தாள் நல்ல கனம், வீணாக்க வேண்டாமே என்றுதான்.

உன் உறை வீடு மாறி, கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டியிடம் போய்விட்டது. அவரே மாடியேறிக் கொண்டுவந்தார். கையில் கொடுக்கும் முன் உறையைத் திருப்பி, ஒட்டிய இடத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இதை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்" என்றார். வாங்கிப் பார்த்தேன். நீ சோறு தேய்த்து ஒட்டியிருக்கிறாய். ஒரு பருக்கை நசுங்காமல் அப்படியே காய்ந்து கிடந்தது, நம் சம்பா அரிசி, சிவப்புக் கோடு தெரிய. விஷயத்தைச் சொன்ன பிறகுதான் பாட்டிக்கு மூச்சு வந்தது.

அவர் கிழக்கு ஜெர்மனிக்காரர் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? அங்கே ஸ்டாசி என்றொரு உளவுத்துறை. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது அதில் முழுநேரமாக மட்டும் 91,000 பேர் வேலையில் இருந்தார்கள். போதாததற்கு, ரகசியமாகச் சேதி சொன்னவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்த்தவர்கள், சில வீட்டில் கட்டின புருஷனே. தபாலை ஆவி காட்டிப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி அனுப்ப அதற்கென்று தனிப் பிரிவு. 1992இலிருந்து அவரவர் கோப்பை அவரவர் பார்க்கலாம் என்றானதும் பாட்டி போய்ப் பார்த்திருக்கிறார். தங்கை எழுதிய கடிதங்களின் நகல் அதில் இருந்ததாம். தங்கை பிள்ளைக்குப் பல் முளைத்த சேதிக்கு யாரோ சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார்களாம். முப்பது வருஷம் ஆகியும் அந்தக் கோட்டைச் சொல்லும்போது அவர் கை நடுங்குகிறது.

இன்னொன்றும் சொன்னார். சந்தேகப்படுகிறவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் துணி போட்டு, அவர்கள் உடம்பு வாசனையைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைப்பார்களாம், நாயை விட்டுத் தேட. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் கை வாசனைதான் வந்துகொண்டே இருந்தது. முந்திரி உடைக்கிற அண்டி ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக, காய்ச்சலா என்று நெற்றியில் கை வைப்பாளே, அந்தச் சாம்பலும் தோட்டு எண்ணெயும் கலந்த வாசனை. தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன் தம்பி. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

சரி. நீ கேட்டதற்கு வருகிறேன். வகுப்பில் '1984' நாவல் படிக்கிறீர்கள், அதில் வருகிற மாதிரி ஜனங்களைச் சதா கண்காணிக்கிற ஊரா லண்டன் நிஜமாகவே என்று கேட்டிருந்தாய். நானும் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். எழுதிய ஆர்வெல் நம் பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர், பர்மாவில் ஐந்து வருஷம் வெள்ளைக்காரப் போலீசில் இருந்தவர். கண்காணிக்கிற பக்கம் நின்றவருக்குத்தான் அது அத்தனை துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

அதில் முகக்குற்றம் என்று ஒன்று வருமே, முகத்தில் சரியில்லாத பாவனை தெரிந்தாலே குற்றம். போன மாதம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு போலீஸ் வேன் நின்றது. கூரையில் கேமரா. போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் தேடப்படுகிறவர்களின் பட்டியலோடு ஒப்பிடுகிற வேன், 2020இலிருந்தே லண்டனில் ஓடுகிறது. பக்கத்தில் பலகையும் வைத்திருந்தார்கள், ஒளிக்கவில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் சால்வையால் முகத்தை மூடலாமா என்று தோன்றியது. மூடினால் சந்தேகம் வருமோ என்று அதையும் செய்யவில்லை. என் நடையே எனக்கு மறந்துபோனது.

வேலையிலும் போன்தான் மேஸ்திரி. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். நுழையும்போதும் கிளம்பும்போதும் அதைப் போனில் பிடிக்க வேண்டும். போன வாரம் ஒரு தாத்தா குளியலறையில் விழுந்துவிட்டார். தூக்கி உட்காரவைத்து, அவர் பயம் தெளியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இருபது நிமிஷம் அதிகமானது. போனில் 'தாமதம்' என்று மட்டும் விழுந்தது. நான் எங்கே நின்றேன் என்பது அதற்குத் தெரியும், என்ன செய்தேன் என்பது தெரியாது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரம் சம்பளக் கணக்கில் வராது. நான் நடந்தே போய்விடுகிறேன். உடம்புக்கும் நல்லது.

குளிர் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஹீட்டரை ராத்திரி ஒரு மணி நேரம் போட்டால் போதும். இலங்கைத் தமிழர் கடையில் மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது, மரவள்ளி என்று கேட்க வேண்டும். மெழுகு பூசி வைத்திருக்கிறார்கள். அவித்தால் நம் கிழங்கு மாதிரி மலரமாட்டேன் என்கிறது. சாளைக் குழம்பும் வைத்தேன், குடம்புளிதான் இல்லை.

இப்போது அம்மா விஷயம். நீ கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த அதுதான் மூன்று வாரமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ரேஷன் கடையில் ஆறு தடவை விரல் வைத்தும் ரேகை விழாமல் அம்மா வெறும் பையோடு திரும்பி வந்ததும், "மெஷினுக்கு என்னத் தெரியல்ல" என்றதும். இருபத்தைந்து வருஷம் அண்டி உடைத்த கை. தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து ரேகை அழிந்தது அவள் குற்றமா?

ரேகையை வகைபிரிக்கும் கணக்கே நம் ஆட்கள் போட்டது, தெரியுமா? 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் திறந்தார்கள். அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள் உழைத்த உழைப்புக்கு எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் பெயர் வைத்து, 1901இல் லண்டன் போலீசுக்குக் கொண்டுவந்தார்கள். குற்றவாளியைப் பிடிக்க வந்த முறை அது. அதை வைத்து என் அம்மாவை அரிசிக்கு நிறுத்திவைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நாவலில் சாக்லேட் ரேஷனை 30 கிராமிலிருந்து 20 ஆகக் குறைப்பார்கள். மறுநாளே 20 ஆகக் கூட்டியதற்கு ஜனங்கள் ஊர்வலம் போய் நன்றி சொன்னதாக அறிவிப்பு வரும். நாம் அப்படி நன்றி சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமிக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு எழுதினார்கள். உனக்கு இருபது வயது. வட்ட வழங்கல் அலுவலகம்வரை போய்வா.

கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அவர் கையில் ஒன்றும் இல்லை. விரல் விழாவிட்டால் கருவிழி வைத்துப் பார்க்கலாமா என்று கேள். இல்லையென்றால் அம்மாவுக்குப் பதிலாக வேறொருவர் வாங்க எழுதிக் கொடுக்கிற படிவத்தைக் கேட்டு வாங்கு. நீ ஹாஸ்டலில், நான் இங்கே, பெரியண்ணன் கார்டு தனி. விரல் வைக்க அம்மா ஒருத்திதான் என்பதையும் மனுவில் எழுது. நடக்காவிட்டால் ஒரு திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடு. நகல் கட்டாயம் வைத்துக்கொள்.

அப்புறம், அந்த நாவலில் 'பிக் பிரதர்' என்று வருகிற சர்வாதிகாரியை நீ 'பெரியண்ணன்' என்று எழுதியிருந்தாய். புத்தகத்தில் அப்படித்தான் போடுகிறார்கள், தெரியும். எனக்கு அந்த இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. நமக்குப் பெரியண்ணன் என்றால் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவன். என் டிக்கெட்டுக்காகப் பைக்கை விற்றவன். தேர்வில் வேறு பெயர் போட்டு எழுது.

மழையில் பால்வெட்டு நின்றிருக்கும், அண்ணனிடம் பணம் கேட்காதே. ஹாஸ்டல் பணத்தில் பாதி அனுப்பியிருக்கிறேன், மீதி கிறிஸ்துமஸுக்கு முன் வரும். அம்மாவின் சங்கிலி அடகுக்கு டிசம்பர் 10 கெடு. முதல் கட்ட வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடு. ரசீதைப் படம் எடுத்து அனுப்பு. அம்மா கேட்டால், தை மாதம் திருப்பிவிடுவோம் என்று அக்கா சொன்னதாகச் சொல்.

அன்புடன்
அக்கா