அந்த ஊசலை அவர்கள் விடவில்லை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தடியில்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் படிப்பு கூடிவிட்டது. ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாத கதை ஒன்று இருக்கிறது. மழைமானி பார்த்து வயிறு வளர்த்த உனக்குத்தான் இதை எழுதத் தோன்றியது.

1881 ஆகஸ்டில் அடால்ஃபஸ் கிரீலி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியோடு மொத்தம் 25 பேர், இன்றைய கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் இறங்கினார்கள். முதல் சர்வதேசத் துருவ ஆண்டுக்காகப் பல நாடுகள் துருவத்தைச் சுற்றி நிலையங்கள் அமைத்த காலம். காற்றழுத்தம், வெப்பநிலை, காந்தப்புலம், கடல் ஏற்றவற்றம் எல்லாவற்றையும் இரவு பகலாகக் குறித்து வைப்பதுதான் வேலை. இரண்டு வருடம் தவறாமல் குறித்தார்கள். ஆனால் 1882-இல் வரவேண்டிய கப்பல் பனியைத் தாண்ட முடியாமல் திரும்பியது. 1883-இல் வந்ததைப் பனி நசுக்கி மூழ்கடித்தது.

முன்பே இட்ட உத்தரவுப்படி அந்த ஆகஸ்டில் நிலையத்தைக் கைவிட்டுப் படகுகளில் தெற்கே கிளம்பினார்கள். அவர்களிடம் புவியீர்ப்பை அளக்கும் ஓர் ஊசல் இருந்தது. ஏறக்குறைய 45 கிலோ! படகு மிதக்கும் பனிப்பாறையில் மாட்டிக்கொள்கிறது, சாமான்களைக் கையால் இழுக்கவேண்டும், ஒவ்வொரு கிலோவும் உயிரைத் தின்கிறது. இது உங்கள் உயிருக்குச் சுமை என்று தோன்றினால் விட்டுவிடலாம் என்று கிரீலி ஆட்களிடம் சொன்னார். அவர்கள் விடவில்லை ராமு. இந்த வரியில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாபின் முனைக்கு அருகே கரையேறி, கற்களை அடுக்கி, மேலே படகைக் கவிழ்த்துக் கூரையாக்கிக் குளிர்காலத்தைத் தள்ளினார்கள். அந்தக் குடிசைக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. முன்னொரு பயணக்குழு வைத்துப்போன இறைச்சியைக் கொண்டுவர நால்வர் போனதில், எலிசன் என்பவருக்குக் கைகால்கள் உறைந்து அழுகிப்போயின. பட்டினியில் கிடந்த மற்றவர்கள்தான் அவருக்கு மாதக்கணக்கில் ஊட்டினார்கள்.

வழியில் போட்டுவிட்டு வந்த அந்த இறைச்சியைத் தேடி ஏப்ரலில் ரைஸ், ஃபிரெடரிக் என்ற இருவர் மறுபடி கிளம்பினார்கள். ரைஸ் பனிப்புயலில் ஃபிரெடரிக்கின் மடியிலேயே இறந்தார். ஃபிரெடரிக் தன் மேல்சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்தியிருந்தார். இறைச்சி கிடைக்கவில்லை. நண்பனைப் பனியில் புதைத்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். ரைஸின் பங்கில் மிஞ்சிய உணவையும் தான் தின்னாமல் பொதுக் கையிருப்பில் சேர்த்தார். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியவில்லை.

அப்புறம் பாறையில் முளைக்கும் பாசி, சீல் தோல், குழுவில் ஒருவரான பிரெய்னார்டு வலைபோட்டு அரித்துவந்த மணியளவு இறால்கள், இவைதான் சாப்பாடு. உணவைத் திருடிய ஒருவரைச் சுட உத்தரவிடும் நிலையும் வந்தது. இறந்தவர்களின் உடல்களைப் பற்றிப் பிறகு பத்திரிகைகளில் வந்த பேச்சை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பசியில் இருந்திராதவர்கள் அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டாம் என்றே நினைக்கிறேன்.

1884 ஜூன் 22-இல் மீட்புக் கப்பல்கள் வந்தபோது ஏழு பேர் உயிரோடிருந்தார்கள். எலிசனும் இரண்டு வாரத்தில் போய்விட, ஊர் திரும்பியவர்கள் ஆறே பேர். ஊசலையும் பதிவேடுகளையும் பக்கத்திலிருந்த சின்னத் தீவில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். எல்லாம் வந்து சேர்ந்தன. அன்று எழுதிய வெப்பநிலையை வைத்து ஆர்க்டிக் எவ்வளவு மாறியிருக்கிறது என்று இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

படிக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். அந்தப் புயலடித்த காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எட்டரை மணி மழை அளவைத் தவறவிடக்கூடாது என்று போனாயே, நான் திண்ணையிலிருந்து கத்தினேனே. அன்றைக்கு உன்னைப் பைத்தியம் என்று திட்டினேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

அந்த வருடத்து மழைக் கணக்கை நீ தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாய். இன்னும் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வை, தை மாதம் அங்கே வருகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்