கொலஸ்ட்ரால் முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மண்டபத்தில் பந்தல் போட்டு ஊராருக்கு இலவசமாகக் கொலஸ்ட்ரால் பார்க்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் விரலில் குத்தி மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து, 200-க்குக் கீழே இருந்தால் 'நார்மல்' என்று சீட்டு எழுதித் தருவதை விட்டுவிடுங்கள்.

மொத்த அளவு ஏறாமலே ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடி, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் குறைந்து கிடப்பது நம்மவர்களிடம் சகஜம். ஒருவருக்கு மொத்தம் 190, எச்டிஎல் 32, ட்ரைகிளிசரைடு 240 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சீட்டுப்படி அவர் நார்மல். 190-இல் 32 போக மீதி 158. இந்த 'நான்-எச்டிஎல்' ஆபத்துக் குறைந்தவருக்கே 130-க்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி. சர்க்கரைக்காரர் என்றால் 100-க்குள்.

ஆகவே மொத்தம், எச்டிஎல், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல், ட்ரைகிளிசரைடு நான்கும் அடங்கிய முழு லிப்பிட் புரொஃபைல் எடுங்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பத்து மணிவரை வரிசையில் நிற்பவர் மயங்கி விழுவதுதான் மிச்சம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டியவரை மட்டும் இன்னொரு நாள் வெறும் வயிற்றில் வரவழையுங்கள். அந்த அளவுக்கு மேல் கணக்குப் போட்டு எடுக்கும் எல்டிஎல்லை நம்ப முடியாது.

விரல் ரத்தம்தான் வசதி என்றால், ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள், முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். சொட்டு வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். ஸ்டிரிப் டப்பாவை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். நரம்பில் எடுப்பதானால், ஆளை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையில் கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். நேரமானால் அளவு கூடுதலாக வரும்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் என்று நோட்டீஸில் போடுவதும் வேண்டாம். அதே வழிகாட்டி முதல் பரிசோதனையை 18 வயதிலேயே செய்யச் சொல்கிறது.

சீட்டில் இந்த நான்கு கொழுப்பு அளவுகளோடு ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இவையில்லாமல் கொலஸ்ட்ரால் மாத்திரை தேவையா என்று எந்த மருத்துவரும் முடிவு செய்ய முடியாது. சீட்டோடு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, என்றைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் என்றால் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். பரம்பரைக் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால், அவருடைய உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அடுத்த முகாமில் இடம் ஒதுக்கிவையுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்திலும் புறநோயாளிப் பிரிவிலும் பணிபுரிவோர்