கரீமை ஆறாவது இடத்தில் வைத்த மாப்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

எல்லாக் காலத்துக்குமான பத்து சிறந்த பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்கள் என்று நீ அனுப்பிய பட்டியல் கிடைத்துப் பதினொரு நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் கொஞ்சம் கோபமும்தான். ஃபோனில் இரண்டு வரி தட்டிவிட்டுப் போகிற விஷயமா இது? அதனால் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. எல்லாரும் நலம், என் வலது முட்டியைத் தவிர. பொங்கலுக்கு நம் கல்லூரியில் பழைய மாணவர்கள் மேட்ச் வைத்தார்கள். யாரும் தள்ளவில்லை, மேலே விழவில்லை, ரிங்குக்குக் கிட்டே போய்ப் போடும் ஒரு சாதாரண லே-அப்புக்கு எழும்பி இறங்கினேன், ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் சோபாவில்தான் குடித்தனம். வீட்டுக்காரி "ஐம்பதை எட்டப்போகிற ஆளுக்கு இது தேவையா" என்று தினமும் ஒருமுறை கேட்டாள், காப்பி கொடுக்கும்போது ஒருமுறை கூடுதலாக. நம் பழைய கோர்ட்டைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது, மண் தரை போய் சிந்தெட்டிக் போட்டிருக்கிறார்கள், போர்டுகூட கண்ணாடி. வேப்பமரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த ஆறு வாரத்தில்தான் அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவின் பழைய ஃபைனல்களை ஒவ்வொன்றாக முழுசாகப் பார்த்தேன். ஹைலைட்ஸ் இல்லை, முழு மேட்ச், ஃப்ரீ த்ரோவுக்கு வியர்வை துடைப்பது வரைக்கும். அதன் விளைவாக, இருபத்தைந்து வருஷமாக நான் உன்னோடு சேர்ந்து கோஷம் போட்ட ஒரு விஷயத்தில் என் மனசு மாறிவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் பட்டியல் வந்து சேர்கிறது: ஜோர்டன், லெப்ரான், கோபி, மேஜிக், ஷாக், அப்புறம் ஆறாவதாக கரீம் அப்துல் ஜப்பார், அவருக்குக் கீழே கர்ரி, பேர்ட், டங்கன், கடைசியில் போனால் போகிறது என்று பில் ரஸ்ஸல். வில்ட் சேம்பர்லின் இல்லவே இல்லை! ஏன்டா, ஒரே மேட்சில் 100 பாயிண்ட் போட்டவனுக்கு உன் வீட்டுத் திண்ணையில்கூட இடமில்லையா?

கோபியை மூன்றில் வைத்ததற்கு உன்னோடு சண்டை போடமாட்டேன். 2020 ஜனவரியில் அந்த ஹெலிகாப்டர் செய்தி வந்த இரவு நீ அங்கிருந்து கூப்பிட்டுப் பேச்சே வராமல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த இடம் கணக்குப் பார்த்துக் கொடுத்த இடம் இல்லை என்று உனக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

ஆனால் மற்ற இடங்களை எந்தத் தராசில் நிறுத்தாய்? ஜோர்டனுக்கு லெப்ரானைவிட மேலே இடம் எதற்கு என்றால் ஆறு மோதிரம், நான்கு மோதிரம் என்கிறாய், சாம்பியன்ஷிப்புக்கு ஒரு மோதிரம் என்ற கணக்கில். சரி. மோதிரம்தான் தராசு என்றால் பதின்மூன்று சீசனில் பதினொரு சாம்பியன்ஷிப் ஜெயித்த ரஸ்ஸல் எப்படிப் பத்தாவது? அதற்கு, அவர் ஆட வந்தபோது லீகில் எட்டே டீம்தான் இருந்தன, இன்று முப்பது என்பாய். அதுவும் சரி. அப்படியானால் மோதிரத்தை எண்ணாதே, நம்பரை எண்ணு. 1961-62 சீசனில் வில்ட் சராசரி 50.4 பாயிண்ட், ஒரு மேட்சுக்கு 48.5 நிமிஷம். மேட்ச் மொத்தமே 48 நிமிஷம்தான் மாப்ளே! ஓவர்டைம் எல்லாம் சேர்த்து, அந்த மனுஷன் பெஞ்சில் உட்காரவே இல்லை. அந்த வருஷ எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம், யாருக்குக் கிடைத்தது? ரஸ்ஸலுக்கு. அதாவது நம் சண்டை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது, நாம் பிறக்காததால் கலந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ரஸ்ஸல் விஷயத்தில் இன்னொன்று. அவர் ஆடிய காலத்தில் எதிராளியின் ஷாட்டைத் தட்டித் தடுக்கிற பிளாக்கை யாரும் கணக்கில் எழுதவில்லை, 1973-74 சீசனிலிருந்துதான் எழுத ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே எதில் அவர் கெட்டிக்காரரோ அந்த ஒன்றை மட்டும் நோட்டில் ஏற்றாமல் விட்டுவிட்டு, இப்போது "சராசரி பதினைந்து பாயிண்ட்தானே" என்று கேட்கிறோம். கடைக்காரன் வரவு எழுதாமல் செலவை மட்டும் எழுதி நஷ்டம் காட்டுகிற கதை. என் பட்டியலில் அவர் நாலாவது, இறக்கமாட்டேன்.

மோதிரத்தை ஒரு ஆளின் கணக்கில் எழுதுவதே எனக்கு இப்போது உறுத்துகிறது. துணை ஆட்டக்காரரான ராபர்ட் ஹோரிக்கு ஏழு மோதிரம், ஜோர்டனைவிட ஒன்று கூட. ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போன 1993-94 சீசனில் அவர் இல்லாமலே அவருடைய சிகாகோ டீமான புல்ஸ் 55 மேட்ச் ஜெயித்தது, அதற்கு முந்தின வருஷம் அவரோடு ஜெயித்தது 57. இதைச் சொன்னால் நீ கத்துவாய், ப்ளேஆஃப் இரண்டாவது சுற்றிலேயே நிக்ஸிடம் தோற்றார்களே என்று. உண்மைதான், அந்த வித்தியாசம்தான் ஜோர்டன். ஆனால் கூட்டாளி பிப்பன் டீமுக்கு வருவதற்கு முன் மூன்று வருஷமும் அதே ஜோர்டன் முதல் சுற்றிலேயே வெளியே போனார், பாஸ்டனை எதிர்த்து ஒரே மேட்சில் 63 பாயிண்ட் போட்டும்கூட. லெப்ரான் பத்து ஃபைனல் போய் ஆறு தோற்றார் என்று கேலி பண்ணுகிறாயே, ஃபைனலில் தோற்பதைவிட முதல் சுற்றில் தோற்பது எந்த ஊரில் பெருமை? 2011-ல் டல்லாஸிடம் லெப்ரான் உறைந்து நின்றதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அது அசிங்கம்தான். ஆனால் 2016-ல் 73 மேட்ச் ஜெயித்த வாரியர்ஸிடம் 3-1 பின்தங்கி, அங்கிருந்து கோப்பையை எடுத்து வந்ததும் அதே ஆள்தானே.

ஜோர்டன் மேல் நமக்கு ஏன் இந்தப் பாசம் என்று எனக்குத் தெரியும். 1998 ஜூன், திங்கட்கிழமை விடியக்காலை, உங்கள் வீட்டு ஹாலில் சத்தத்தைக் குறைத்து வைத்து புல்ஸும் யூட்டாவும் ஆடிய ஃபைனல் பார்த்தோம். யூட்டாவின் கார்ல் மலோனிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, நிதானமாக மேலே கொண்டுபோய், 5.2 செகண்ட் மிச்சம் இருக்கும்போது அந்த ஷாட். 87-86. நீ போட்ட சத்தத்தில் உங்கப்பா எழுந்து வந்து நம் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேப்பர் எடுக்கப் போனார். இதை அழித்துவிட்டு யாரை முதலிடத்தில் வைக்க முடியும் என்றுதான் நானும் இத்தனை வருஷம் இருந்தேன்.

இப்போது கரீமுக்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

1985 ஃபைனல், கரீமின் லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும். முதல் மேட்சில் பாஸ்டனில் லேக்கர்ஸ் 148-114 என்று துவைத்துக் காயப்போடப்பட்டது. கரீம் அடித்தது 12 பாயிண்ட், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்ட் மூன்றே மூன்று. அப்போது அவருக்கு வயது 38. ஏழடி இரண்டங்குல மனுஷன், முன்மண்டை வழுக்கை, பெரிய கண்ணாடி, ஓடித் திரும்புவதற்குள் எதிர் டீம் கூடை போட்டுவிட்டு வருகிறது. பார்க்கிற எனக்கே சங்கடமாக இருந்தது, முட்டி வேறு கட்டுப் போட்டு நீட்டிக் கிடக்கிறது. அடுத்த மேட்சுக்கு டீம் பஸ்ஸில் தன் அப்பாவையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கோச் பாட் ரைலியிடம் கேட்டு, கூடவே அழைத்துப் போயிருக்கிறார். அன்றைக்கு 30 பாயிண்ட், 17 ரீபவுண்ட், எட்டு அசிஸ்ட், மூன்று பிளாக். ஆறாவது மேட்சில் பாஸ்டன் மண்ணிலேயே கோப்பை. அதுவரை ஃபைனலில் செல்டிக்ஸிடம் எட்டு முறை மோதி எட்டு முறையும் தோற்ற லேக்கர்ஸுக்கு அதுதான் முதல் வெற்றி. ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் கரீமுக்கு.

அதே பட்டத்தை அவர் முதலில் வாங்கியது எப்போது தெரியுமா? 1971-ல், தன் முதல் டீமான மில்வாக்கிக்காக. பதினாலு வருஷ இடைவெளி மாப்ளே. நம் ஸ்கூல் வாழ்க்கையைவிட நீளம். நடுவில் 1980-லும் அவர் வாங்கியிருக்க வேண்டியதுதான், அந்த ஃபைனலில் சராசரி 33.4. ஐந்தாவது மேட்சில் கணுக்கால் பிசகியும் 40 அடித்தார். ஆறாவது மேட்சுக்குப் போக முடியவில்லை. அவர் இடத்தில் முதல் வருஷப் பையன் மேஜிக் நின்று 42 பாயிண்ட் அடித்தான், பட்டமும் அவனுக்கு, கதையும் அவனுக்கு. நாமும் மேஜிக்கின் கதையைத்தான் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம், அதற்கு முந்தின ஐந்து மேட்சை யார் இழுத்து வந்தது என்று கேட்கவே இல்லை.

ஆறு எம்விபி, ஜோர்டனுக்கே ஐந்துதான். ஆறு சாம்பியன்ஷிப். கல்லூரியில் யுசிஎல்ஏவுக்கு ஆடியபோது 88 வெற்றி, இரண்டே தோல்வி. முதல் சீசன் முடிந்ததும் கல்லூரி ஆட்டத்தில் பந்தை ரிங்குக்குள் நேரே திணிக்கிற டங்க் அடிக்கவே கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள், ஒன்பது வருஷம் அது நீடித்தது. மனுஷன் அசரவில்லை, தலைக்கு மேலே ஒற்றைக் கையால் வளைத்துப் போடுகிற ஸ்கைஹூக்கை இன்னும் தீட்டிக்கொண்டார். 1984-ல் வில்டின் 31,419 பாயிண்ட் சாதனையைத் தாண்டியதும் அந்த ஷாட்டில்தான். கடைசியில் 38,387. அதில் மூன்று பாயிண்ட் ஷாட் எத்தனை? ஒன்றே ஒன்று. 2023 பிப்ரவரியில் லெப்ரான் தாண்டும்வரை கிட்டத்தட்ட 39 வருஷம் அந்தச் சாதனை கரீமிடமே இருந்தது, தாண்டிய அன்று கரீமும் அரங்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குறையே இல்லையா? உண்டு. 1977-ல் வால்டனின் போர்ட்லாண்டிடம் நான்குக்கு நான்கு தோற்றார், 1983-ல் மோசஸ் மலோன் அவரை ரிங்குக்குக் கீழே படுத்தினபாட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வயதான பிறகு ரீபவுண்டுக்குப் பெரிதாக மெனக்கெடவில்லை. ஆனால் அவர் ஆறாவது இடத்துக்குத் தள்ளப்பட்டதற்கு இதெல்லாம் காரணம் இல்லை. அவர் யாருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க முயலவில்லை. 1968 ஒலிம்பிக்குக்கு வரமாட்டேன் என்றார், இஸ்லாத்துக்கு மாறிப் பெயரை மாற்றிக்கொண்டார், பத்திரிகைக்காரர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஷூ விளம்பரத்தில் பறக்கவும் இல்லை. சின்னப் பையன்கள் நாக்கை நீட்டிக்கொண்டு ஜோர்டன் மாதிரி குதிப்பார்கள், இன்றைக்கு என் மகள் பாதிக் கோர்ட்டிலிருந்து கர்ரி மாதிரி எறிகிறாள், ஸ்கைஹூக்கை மட்டும் ஒருத்தரும் பழகவில்லை. பார்க்க ஸ்டைலாக இல்லை என்பதைத் தவிர அதில் ஒரு குற்றமும் கிடையாது. உடம்பு நடுவில் சுவர் மாதிரி, பந்து உச்சாணியில், எதிராளி எம்பினாலும் எட்டாது.

நாளைக்கு ஒரே ஒரு மேட்ச், தோற்றால் உயிர் போகும் என்றால் நானும் ஜோர்டனைத்தான் கூப்பிடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு டீமை இன்று ஆரம்பித்து இருபது வருஷம் நடத்து என்று சாவியைக் கையில் கொடுத்தால் கரீம்தான். நீ கேட்டது ஒரு மேட்சுக்கான ஆளை இல்லையே, மொத்தக் காலத்துக்குமான ஆளைத்தானே? அதனால் கரீம், ஜோர்டன், லெப்ரான், ரஸ்ஸல், மேஜிக், வில்ட், டங்கன், பேர்ட், ஹகீம் ஒலாஜுவான், கர்ரி. ஷாக் வெளியே போய்விட்டான், எனக்கே வருத்தம்தான். ஹகீமை நீ விட்டது எப்படி என்று தனியாக ஒரு கடிதம் வரும், தயாராக இரு. லாகோஸில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்த பையன், 1994-ல் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், ஃபைனல் எம்விபி மூன்றையும் ஒரே சீசனில் வாங்கியவன். இன்னொருத்தன் செய்து காட்டட்டும்.

இன்னொன்று எழுதவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் காலேஜில் ஹூக் போட்டது நீ ஒருத்தன்தான். "பாட்டி ஷாட்" என்று பெயர் வைத்துக் கிண்டலடித்தது நான். மூன்றாம் வருஷம் செமிஃபைனலில் ஒரு பாயிண்டில் தோற்றோமே, கடைசிப் பந்தை ஏன்டா எனக்குத் தரவில்லை என்று பஸ்ஸில் கேட்டாய், நான் உன்னைப் பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன் மாப்ளே. இடது பக்கம் ரிங்குக்குக் கிட்டே, முதுகில் அந்தக் குட்டைப் பையனை வைத்துக்கொண்டு, கையைத் தூக்கி நின்றாய். பார்த்துவிட்டுத்தான் நானே போட்டேன், ஜோர்டன் மாதிரி.

டிசம்பரில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? எனக்கு எம்பிக் குதிக்க இன்னும் அனுமதியில்லை, நின்ற இடத்திலிருந்து பாஸ் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஷூ எடுத்து வா.

இப்படிக்கு,
உன் பழைய பாயிண்ட் கார்டு